வராத வட்டியும் ஒரு சிவப்பு காரும்

"அண்ணா, வயது 27. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். பிடித்தம் போக 62,000 சம்பளம். ஒரு பி.எம்.டபிள்யூ இசட்4 பார்த்தேன். இரண்டு சீட்டு, மேற்கூரை தானாக மடியும். 2011 மாடல், டெல்லி நம்பர், 14 லட்சம் சொல்கிறார்கள். கையில் நாலு லட்சம் இருக்கிறது. மீதி பத்துக்கு லோன் தருகிறோம் என்கிறார்கள். அப்பா 'உனக்கென்ன பைத்தியமா' என்கிறார். நீங்கள்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறீர்களாமே. வாங்கலாமா, வேண்டாமா?"

போன வாரம் வந்த மின்னஞ்சல் இது. படித்ததும் 'வேண்டாம் தம்பி' என்று இரண்டே வார்த்தையில் பதில் போடத் தோன்றியது. ஆனால், அப்படிச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் வீட்டு போர்டிகோவில் ஒரு சிவப்பு கார் நிற்கிறது. அதன் பானெட்டில் ஒரு தேள் இருக்கிறது. அது என்னைக் கொட்டிய கதையைச் சொல்லிவிட்டு, பிறகு பதிலுக்கு வருகிறேன்.

2022 ஆகஸ்ட். ஏலச்சீட்டு முதிர்ந்து கையில் ஆறு லட்சம் வந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்து மூன்று வருடம் தள்ளிப் போயிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கு 51 வயது. இந்த வயதில் ஆண்களுக்கு ஒன்று ஆன்மிகம் வரும், அல்லது இது வரும். எனக்கு இது வந்தது.

கோவையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங் வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. அபார்த் புன்டோ, 2016 மாடல், 58,000 கிலோமீட்டர் ஓடியது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவு, தரையோடு தரையாக உயரம் என்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இது ஐந்து கதவு வைத்த, மளிகைச் சாமான் ஏற்றக்கூடிய கார்தான். ஆனால், உள்ளே இருப்பது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 8.8 விநாடி என்று கம்பெனி சொன்னது. 2015 அக்டோபரில் இதை அறிமுகப்படுத்தியபோது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். பத்து லட்சத்துக்குள் இப்படி ஒரு வண்டியா என்று கார் பைத்தியங்கள் எல்லாம் வாயைப் பிளந்த நேரம் அது.

அந்தத் தேளுக்கும் ஒரு கதை உண்டு. கார்லோ அபார்த் 1908 நவம்பரில் வியன்னாவில் பிறந்தவர். மேல்நாட்டுக் கணக்குப்படி விருச்சிக ராசி. 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கியபோது ராசியையே சின்னமாக வைத்துவிட்டார். சாதாரண ஃபியட் கார்களை வாங்கி, முடுக்கி, பந்தயத்தில் ஓட வைப்பதுதான் அவர் தொழில். 1971-ல் ஃபியட்டே அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. நம் அப்பாக்கள் ஓட்டிய பத்மினிக்கும் தாய்வீடு ஃபியட்தான் என்பதால், இந்தத் தேள் எனக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி தெரிந்தது. வாங்க முடிவு செய்துவிட்டால் மனசு எப்படியெல்லாம் உறவு கொண்டாடுகிறது பாருங்கள்!

"டாக்டர் ஓட்டின வண்டி சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்" என்றார் கன்சல்டிங்காரர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர்கள் ஓட்டியவை. இவ்வளவு டாக்டர்கள் இருந்தும் நமக்கு ஏன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை என்று தெரியவில்லை. ஆர்.சி.யைப் பார்த்தால் நான் மூன்றாவது ஓனர். இரண்டாவது ஓனர் ஒரு கல்லூரி மாணவர். அதைப் பார்த்த பிறகும் 5,25,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். மெக்கானிக்கிடம் காட்டவில்லை. அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். நானும் நம்பினேன்.

மறுநாள் கவுண்டம்பாளையம் பக்கத்தில் இருக்கும் என் பழைய மெக்கானிக்கிடம் பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்ணா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு எட்டு கொண்டாந்திருக்கலாமுங்களே."

என் மனைவி ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். கார் வந்த அன்றே ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'சிவப்பு' என்று மட்டும் எழுதியிருந்தார். காரின் பெயரையும் ஊரையும் பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

அந்த நோட்டின் முதல் வருடத்தை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் 14,800. நாலு டயர் 30,400. பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் 1716 என்றிருந்தது. 2016-ஆம் ஆண்டின் பதினேழாவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். ஆறு வயது ரப்பர். மழையில் அதை நம்பி பிரேக் போடக் கூடாது. டைமிங் பெல்ட்டும் கூடவே வாட்டர் பம்பும் மாற்ற 14,200. இதுவும் ரப்பர்தான். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பழைய ஓனர் மாற்றினாரா என்பதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி 6,300. லோயர் ஆர்ம், புஷ் என்று சஸ்பென்ஷன் வேலை 18,600. ஆயில் சர்வீஸ் 11,400. புகைச் சான்றிதழ், சில்லறை வேலைகள் 2,800.

இடையில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். கிளட்ச், 27,500.

நாலாவது மாதம். பீளமேடு சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அந்தக் கல்லூரி மாணவர் ஒவ்வொரு சிக்னலிலும் பந்தயம் விட்டிருக்கிறார். பில் எனக்கு வந்தது. சீட்டுப் பணத்தில் மிச்சமிருந்த எழுபத்தைந்தாயிரம் இன்ஷூரன்ஸ், டயர், பெல்ட் என்று முன்பே கரைந்திருந்தது. மகளின் செமஸ்டர் கட்டணத்துக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். அதிலிருந்து 27,500-ஐ எடுத்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அது கூட்டுக் கணக்கு. குறுஞ்செய்தி இரண்டு பேர் செல்போனுக்கும் போகும் என்பது பணம் எடுத்த அடுத்த நொடிதான் உறைத்தது.

அவர் கத்தவில்லை. பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் இரவு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 'கிளட்ச் 27,500' என்ற வரிக்கு எதிரே, வழக்கமாகத் தேதி எழுதுகிற இடத்தில், மகளின் பெயரை எழுதியிருந்தார். "கார் வாங்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா இந்த வரி இன்னொரு தடவை வந்துதுன்னா வண்டி வெளிய போயிரணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

பணத்தை அடுத்த மாதமே திருப்பிக் கட்டினேன். அந்த மாதமே காருக்கென்று தனியாக ஒரு ஆர்.டி. தொடங்கினேன், மாதம் 3,000. வண்டிக்கு என்ன வந்தாலும் அதிலிருந்துதான். அதில் இல்லையென்றால் வண்டி போர்டிகோவை விட்டு நகரக் கூடாது. இன்றுவரை இதுதான் சட்டம்.

ஆக, பெட்ரோல் இல்லாமல் முதல் வருடச் செலவு 1,26,000. வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கு. ஓடியது 5,200 கிலோமீட்டர். நகரமும் மலையும் கலந்து லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர்கூட முழுசாகத் தரவில்லை. 500 லிட்டர், 51,000 ரூபாய். மொத்தம் 1,77,000. கிலோமீட்டருக்கு 34 ரூபாய். "கால் டாக்ஸியிலயே போயிருக்கலாம், ஏ.சி.யும் போட்டிருப்பாங்க" என்றார் மனைவி. அதோடு விடவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'வராத வட்டி 36,750'. ஐந்தேகால் லட்சத்தை ஏழு சதவீதத்தில் டெபாசிட் போட்டிருந்தால் வந்திருக்க வேண்டிய பணம். அதையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 41 ரூபாய்! நான் ஆட்சேபித்தேன். "செலவு செஞ்ச காசு மட்டும்தான் செலவுன்னு நினைக்கிறது உங்களை மாதிரி ஆளுங்கதான்" என்றார். வங்கிக்காரியைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

இரண்டாம் வருடம் நோட்டு கொஞ்சம் சிரித்தது. இன்ஷூரன்ஸ் 13,900, சர்வீஸ் 11,000, பிரேக் பேட் 9,100. பிறகு ஒரு 4,000. அதில் 3,200 எலிக்குப் போனது. மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்தியிருந்தேன், இன்ஜினுக்குள் குடித்தனம் வந்து ஒயரைக் கடித்துவிட்டது. பெட்ரோல் நீங்கலாக 38,000. ஓடியது 6,000 கிலோமீட்டர். பெட்ரோல் 58,300 சேர்த்தால் கிலோமீட்டருக்கு 16 ரூபாய். வராத வட்டியோடு 22. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் முதல் வருடம் என்பது முன்னால் ஓட்டியவர்கள் கட்டாமல் விட்ட பாக்கியை நாம் கட்டுவது. அதைத் தாங்கிவிட்டால் பிறகு வண்டி கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும். பலபேர் அந்த முதல் வருடத்தின் நடுவில் கைவிட்டு, பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு கொட்டி என்னதான் கிடைத்தது என்று கேட்பீர்கள்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போவேன். வன இலாகா செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறை மலைப்பாதை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருப்பார்கள். இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, ஸ்டியரிங்கை விடுவித்துக்கொண்டே மெல்ல மிதித்தால், 2,000 சுற்றுக்கு மேல் டர்போ விழித்துக்கொள்ளும். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அடுத்த வளைவு வருவதற்குள் மூன்றாவது கியர், உடனே பிரேக், மறுபடி இரண்டு. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியிருக்காது. எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும், மேலே ஏறுகிற லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஊர வேண்டும். அப்படியும் கீழே இறங்கும்போது உடம்பில் பத்து வயது குறைந்திருக்கும்.

வேகமாகப் போவதற்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நாலுவழிச் சாலையிலேயே காருக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 100. அதை எந்த டப்பா காரும் தொடும். இந்த வண்டியின் சுகம் அந்த எண்ணில் இல்லை. நாம் நினைத்ததும் கேட்கிற ஸ்டியரிங்கிலும், அழுத்திய அளவுக்கே பிடிக்கிற பிரேக்கிலும் இருக்கிறது. இதைச் சொன்னால் கார் இல்லாதவர்கள் புரிந்துகொள்கிறார்கள், கார் வைத்திருப்பவர்கள் 'மைலேஜ் என்ன தருது?' என்று கேட்கிறார்கள்.

நிஜமாகவே வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது. கோவைக்கு வெளியே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் பந்தயத் தடம். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாட்களும் நடத்துகிறார்கள். ஹெல்மெட் கட்டாயம். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டினால் இழப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். அங்கே தடுப்பில் இடித்தால் முழுப் பணமும் உங்கள் பையிலிருந்துதான்.

இரண்டாம் வருட தீபாவளிக்கு மறுநாள் மனைவியையும் மகளையும் வால்பாறைக்கு அழைத்துப் போனேன். முன்சீட்டில் மனைவி கைப்பிடியை விடவேயில்லை. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சி முனையில் நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணை, மேலே பாறைச் சரிவில் வரையாடுகள். அவ்வளவு அருகில் அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. டீ ஆறிப்போகிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதியது இது: 'பெட்ரோல் 2,040. வரையாடு 4.'

இனி தம்பியின் இசட்4-க்கு வருவோம்.

நல்ல கார், அதில் சந்தேகமில்லை. அந்தத் தலைமுறையில்தான் இசட்4-க்கு உலோகக் கூரை வந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் இருபது விநாடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். என் காரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். புதிதாக வந்தபோது அரைக் கோடிக்கு மேல் விலை. அது இப்போது 14 லட்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சிக்கல் அங்கேதான். காரின் விலை 14 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் உதிரிப் பாகங்களுக்கு அது தெரியாது. அவை இன்னும் அரைக் கோடி ரூபாய் காரின் பாகங்களாகவே விலை கேட்கும். டயர், டிஸ்க், சென்சார், கூரையை மடக்கும் ஹைட்ராலிக் மோட்டார், எதுவும் 'பாவம், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்' என்று இரங்காது. என் முதல் வருடச் செலவு 1,26,000. அதை நான் வாங்கிய ஐந்தேகால் லட்சத்தோடு ஒப்பிடுவது தப்பு. புதிய விலையான பத்து லட்சத்தோடு ஒப்பிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை உங்கள் காருக்குப் போட்டால், அரைக் கோடியில் எட்டில் ஒன்று ஆறேகால் லட்சம். ஒரே ஒரு காரை வைத்துப் போட்ட கணக்குதான், பஞ்சாங்கம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், மெக்கானிக்கிடம் சொன்னேன். "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குமுங்ணா" என்றார். அவர் மறுக்காததே எனக்கு பயமாக இருந்தது.

அடுத்தது, டெல்லி நம்பர். அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வைத்த தடையால்தான் இப்படிப்பட்ட வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்றான படிவம் 28 வாங்க வேண்டும். பெயர் மாற்ற 29, 30. பழைய கடன் இருந்தால் அதை நீக்க 35. வேறு மாநிலத்துக்கு வந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். ஆயுட்கால வரியை இங்கே கட்ட வேண்டும். டெல்லியில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

கன்சல்டிங்காரர் இதையெல்லாம் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: எந்தச் சொந்த உபயோகக் காரின் பதிவும் 15 வருடத்துக்குத்தான். உங்கள் 2011 கார் 2026-ல் அதை எட்டுகிறது. எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க, சாதாரணக் காருக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. இசட்4 முழுசாகக் கட்டிய வண்டியாகவே கப்பலில் வந்தது. பசுமை வரி தனி.

இன்ஷூரன்ஸிலும் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான கட்டணம் இன்ஜின் அளவை வைத்துத்தான், சக்தியை வைத்து இல்லை. 2022 ஜூன் கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. என் 145 குதிரையும் பக்கத்து வீட்டு மாமாவின் சாதுவான செடானும் ஒரே கட்டணம் கட்டுகின்றன. ஆனால், பழைய காருக்கு முழுக் காப்பீடு போட்டாலும் முழுப் பணம் வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான். உலோகப் பாகங்களுக்கும் பத்து வயது தாண்டினால் பாதிதான். பம்பர் உடைந்தால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது மாதக் கணக்கு. பத்து லட்சம் கடன், 13 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 22,750 ரூபாய் சுற்றி வரும். 62,000-ல் அது போனால் மிச்சம் 39,000. அதில்தான் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது. எந்த மாதம் கூரை பாதியில் மடிந்து நிற்கிறதோ, அந்த மாதம் உங்கள் கை எந்தக் கணக்கை நோக்கி நீளும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நீண்டது மகளின் கணக்கை நோக்கி. உங்களுக்கு அநேகமாக அப்பாவின் பி.எஃப். பணமாக இருக்கும். அவர் 'பைத்தியமா' என்று கேட்டதற்குக் காரணம் கார் பிடிக்காததல்ல என்பது என் ஊகம்.

அதனால் இந்த இசட்4 வேண்டாம். ஆனால், ஆசையை விட வேண்டாம். 27 வயதில் தோன்றாமல் வேறெப்போது தோன்றும்? கையில் இருக்கும் நாலு லட்சத்தை முழுசாகக் காருக்குக் கொடுக்காதீர்கள். முக்கால் பங்கில் கார், கால் பங்கு தனிக் கணக்கில். கடனே வேண்டாம். விலை ஊருக்கு ஊர், கண்டிஷனுக்குக் கண்டிஷன் மாறும். மெதுவாகத் தேடுங்கள். மாருதி பலேனோ ஆர்.எஸ். இருக்கிறது, ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன். நம் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. இருக்கிறது. 114 குதிரைத்திறன், புதிய விலையே 6.39 லட்சம்தான். அதிகம் விற்கவில்லை, தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால், பெரும்பாலான பாகங்கள் சாதாரண டியாகோவுக்கும் நெக்ஸானுக்கும் சொந்தம் என்பதால் உதிரிக்கு அலைய வேண்டாம். இன்னும் பழசு பரவாயில்லை என்றால் 101 குதிரைத்திறன் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எதை வாங்கினாலும் நான் செய்யாததைச் செய்யுங்கள். அட்வான்ஸுக்கு முன் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். 1,500 ரூபாய் கேட்டாலும் கொடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு, இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள், கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் துரு பாருங்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். சைலன்ஸரை மாற்றியிருந்தால், இன்ஜின் கம்ப்யூட்டரில் கை வைத்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அபராதத்துக்கும் க்ளெய்ம் மறுப்புக்கும் அது அழைப்பிதழ்.

டர்போ வண்டியென்றால் ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. மலை ஏறி வந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்களை சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்கள், எலிக்கு இடம் கொடுக்காதீர்கள்.

என் சிவப்பு வண்டிக்குப் போன மாதம் ஒருவர் 4,75,000 கேட்டார். மகளுக்கு அடுத்த வருடம் மேற்படிப்பு. அந்தக் கணக்கு தொடப்படாமல் இருக்கிறது, ஆர்.டி.யிலும் கொஞ்சம் நிற்கிறது. என்ன செய்யலாம் என்று மனைவியிடம் கேட்டேன். நோட்டைப் புரட்டினார். "டயர் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். சொன்னேன். "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்ல" என்று மூடி வைத்துவிட்டார்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு வந்துவிடுங்கள். காலை ஐந்தரைக்கு நான் அங்கே இருப்பேன். முதல் எட்டு வளைவு நான் ஓட்டுகிறேன். ஒன்பதாவதில் டீ. பிறகு சாவி உங்கள் கையில். லைசென்ஸை மறக்காமல் எடுத்து வாருங்கள். பெட்ரோல் 2,040 ரூபாயில் பாதி உங்களுடையது, நோட்டில் வரவு வைக்க வேண்டும்.